பந்தோபஸ்தும் படையும்

பந்தோபஸ்து என்ற பாரசீகச் சொல் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு, கருட சேவையைக் காணத் திருமலையின் நான்கு மாட வீதிகளிலும் இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும்போது, பல மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட காவலர்கள் கயிறு பிடித்தும் வழி மறித்தும் வழி விட்டும், பெற்றோரின் கை நழுவிப் போன குழந்தையை ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தும் செய்கிற வேலைக்கு வேறு பெயர் அவ்வளவாக ஒட்டுவதில்லை. 'படை' என்ற சொல்லோ எதிரி ஒருவன் எங்கேயோ இருக்கிறான் என்ற எண்ணத்தையும் சேர்த்தே கொண்டுவருவது. போர் நடக்கும் நாட்டில், அப்போரில் பங்கில்லாத மக்களைக் காப்பது இவ்விரண்டில் எந்த வகை வேலை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள ஐக்கிய நாடுகள் சபைக்கே பல பத்தாண்டுகள் பிடித்தன. தமிழர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல, அதற்குச் சொல்லப்பட்ட தவறான விடை ஒன்றை ஈழத்தில் நேரிலேயே பட்டறிந்தவர்கள் அவர்கள்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில், மறுநாளே பலாலியில் இறங்கத் தொடங்கிய இந்திய அமைதி காக்கும் படைதான் 'அமைதிப்படை' என்றதும் இன்றும் நினைவுக்கு வருவது. அச்சொல் சில ஆண்டுகளிலேயே எள்ளலுக்கு உரியதாகி, 1994-இல் ஓர் அரசியல் பகடித் திரைப்படத்தின் தலைப்பாகவும் ஆயிற்று. அது ஐ.நா. அனுப்பிய படை அன்று; இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வந்த, ஒரே நாட்டின் தரைப்படை. போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ளவும் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கவும் வந்த அப்படை அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு போரிடத் தொடங்கியபோது, ஊர்க்காவல் என்ற ஒன்றே அங்கு இல்லாமற்போயிற்று. இலங்கைக் காவல் துறை பெரும்பாலும் சிங்களம் பேசுவோரைக் கொண்டிருந்ததால் அதை யாழ்ப்பாணத்து மக்கள் நம்பவில்லை, இயக்கங்கள் தத்தம் நீதியை நடத்தின, தெருமுனையில் நின்ற 'இந்தியன் ஆமி'க்கோ எதிரே வருபவர் புலியா, கடைக்குப் போகிறவரா என்று பிரித்தறியும் பயிற்சி இல்லை. அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். புலிகளோடு நடந்த மோதலின் இடையே சிக்கி இறந்தார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். எந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், மருத்துவமனையை ஒரு போர்முனையாகப் பார்க்கப் பழகியவர்களின் கையில்தான் அன்று பொதுமக்களின் பாதுகாப்பு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அந்தப் படையோடு மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 13 கம்பெனிகளும் விமானத்தில் அனுப்பப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. கம்பெனி என்பது ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பிரிவு. இந்தியாவின் துணைக் காவல் படை ஒன்று இப்படி வெளிநாட்டுக்குப் போனது அதுவே முதல் முறை, அதில் பெண்கள் பிரிவு ஒன்றும் இருந்தது. ஆனாலும் எண்ணிக்கையில் சிறியதான இப்பிரிவு தரைப்படையின் நோக்கத்துக்கே துணையாக நின்றது. வடகிழக்கு மாகாண அரசின் காலத்தில் உள்ளூர்க் காவலுக்கென்று தோன்றிய 'குடிமக்கள் தொண்டர் படை' கட்டாய ஆள்பிடிப்பின் மறுபெயராகி, பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்துவைக்கும் நிலைக்குத் தாய்மாரைத் தள்ளியது. ஒப்பந்தத்தை ஒட்டி வந்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாகாணங்களுக்குக் காவல் அதிகாரம் தருவதாக எழுதிவைத்தது, அந்தப் பகுதியோ இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

படைவீரருக்கும் காவலருக்கும் உள்ள வேறுபாடு சீருடையின் நிறத்தில் இல்லை. படைவீரர் ஒரு நிலப்பரப்பைப் பிடித்துவைத்திருக்கப் பழகியவர். காவலரோ அந்நிலப்பரப்பில் வாழும் ஆட்களைப் பெயர் சொல்லி அறிந்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, கண்டதற்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர். ஐ.நா. காவலர்களில் இரண்டு வகையினர் உண்டு. முதல் வகையினர் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அனுப்பப்படும் அலுவலர்கள்: சித்தூர் மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர் அப்படிப் போக வேண்டுமானால், உள்துறை அமைச்சகத்தின் வழியாகப் பெயர் போய், குறைந்தது ஐந்தாண்டுப் பணி அனுபவத்தோடு, மொழித் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் தேற வேண்டும், பெரும்பாலான பணிகளில் அவர் கையில் ஆயுதமே இராது. இரண்டாம் வகை, ஒரே நாட்டிலிருந்து ஏறத்தாழ 140 பேர் வரை முழு அணியாகத் தத்தம் வண்டி, சமையல்கட்டு, மருத்துவரோடு போய் இறங்கும் 'அமைக்கப்பட்ட காவல் அணி'. கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், ஐ.நா. ஊழியர்களைக் காத்தல், ஆபத்தான ரோந்துக்கு ஆயுதத் துணையாகப் போதல் ஆகியவை இதன் வேலை. இந்தியாவிலிருந்து இத்தகைய அணிகளை மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்தியப் படைகளே பெரும்பாலும் அனுப்புகின்றன. ஹைட்டிக்கு அணி அனுப்பிய மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு, திருத்தணியைத் தாண்டி அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. கி.பி. 949-இல் அவ்வூர்ப் போர்க்களத்தில் யானை மேல் இருந்தபடி உயிர்விட்ட சோழ இளவரசன் ராஜாதித்தனின் பெயரை 2025-இல் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். விமான நிலைய வாயிலில் அடையாள அட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் பெரிய பெயர்தான்.

இந்தியப் படையின் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டது 1990 மார்ச் 24. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 21 அன்று, தென்மேற்கு ஆப்பிரிக்காவில் நமீபியா விடுதலை பெற்றது. அங்கே ஐ.நா. வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்திருந்தது. அப்பணியில் படைவீரர்களோடு 1,500 காவலர்களும் இருந்தார்கள்; முதலில் 500 பேர் போதும் என்று கணக்கிட்டவர்கள், களத்தைப் பார்த்த பின் மும்மடங்காக்கினார்கள். மக்கள் அஞ்சியது அங்கிருந்த தென்னாப்பிரிக்கப் படையை விட, ஆப்பிரிக்கானர் மொழியில் 'கடப்பாரை' என்று பொருள்படும் 'கூஃபூட்' என்ற காவல் பிரிவைத்தான். அதைக் கலைத்துவிட்டதாகச் சொல்லி, அதன் ஆட்களை உள்ளூர்க் காவல் துறைக்குள்ளேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். ஐ.நா. காவலர்கள் ஆயுதமின்றி, அந்த ரோந்து வண்டிகளின் பின்னாலேயே தங்கள் வண்டிகளில் தொடர்ந்து போவதை ஒரு வேலையாகவே செய்தனர். கண்ணிவெடியைத் தாங்கும் கவச வண்டிகள் முன்னால் புதருக்குள் நுழைந்துவிட, சாதாரண வண்டிகளில் போனவர்கள் பின்தங்கிப்போய், பிறகே அவர்களுக்கும் அத்தகைய வண்டிகள் கிடைத்தன. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே அடிக்கும் கையை ஓரளவு தடுக்கும் என்பது அங்கே தெரியவந்தது.

பார்த்துக்கொண்டிருப்பதன் எல்லையும் சில ஆண்டுகளில் தெரிந்துபோயிற்று. 1994-இல் ருவாண்டாவில் ஐ.நா. படை இருக்கும்போதே நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். 1995 ஜூலையில் ஐ.நா. 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்திருந்த பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அதன் பின்னர்தான், 1999 அக்டோபர் 22 அன்று சியரா லியோன் குறித்த 1270-ஆம் தீர்மானத்தில், உடலுக்குத் தீங்கு நேரும் அபாயத்தில் இருக்கும் பொதுமக்களைக் காப்பதை ஐ.நா. பணியாணையில் பாதுகாப்பு அவை முதல் முறையாக வெளிப்படையாக எழுதியது. பணியாணை என்பது ஓர் அமைதிப் பணி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவ்வவை வகுத்துத் தரும் உரிமைப் பட்டயம். கூடவே 'உங்களால் இயன்ற வரை' என்ற பொருள்பட ஒரு தொடரையும் சேர்த்தார்கள், காப்பாற்றத் தவறிய ஒவ்வொரு முறையும் அந்தத் தொடர்தான் துணைக்கு வந்தது.

இந்தியாவின் பங்கில் தனித்துப் பேசத் தக்கது லைபீரியா. 1986-இல் எழுப்பப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 88-ஆவது மகளிர் பட்டாலியன், நாட்டின் முதல் முழுப் பெண் பட்டாலியன். இலங்கைக்குப் போன பெண்களும் அதைச் சேர்ந்தவர்களே. இருபது ஆண்டுகள் கழித்து, 2007 சனவரி இறுதியில், அதே படையின் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் இறங்கினர். ஐ.நா. வரலாற்றில் பெண்களை மட்டுமே காவலராகக் கொண்ட முதல் அணி அது. ஓட்டுநர், சமையல்காரர் போன்ற துணை வேலைகளுக்குச் சில ஆண்கள் இருந்தார்கள், வீட்டு வழக்கத்தைத் தலைகீழாக்கி. 2003-இல் முடிந்த உள்நாட்டுப் போரில் பாலியல் வன்முறையும் ஓர் ஆயுதமாக இருந்த நாடு அது. சீருடையணிந்த ஆணைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிய பெண்கள், துப்பாக்கியோடு இரவு ரோந்து வரும் பெண்ணிடம் பேச முன்வந்தார்கள். இந்த அணி அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபின் அலுவலகத்துக்குக் காவல் நின்றது, உள்ளூர்க் காவலர்களோடு ரோந்து போயிற்று, பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பும் கணினியும் கற்றுத்தந்தது. ஆண்டுதோறும் ஆட்கள் மாற, 2016 பிப்ரவரி வரை இந்தியப் பெண்கள் அங்கிருந்தனர். லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு நூற்றுக்கு ஆறிலிருந்து பதினேழாக உயர்ந்ததற்கு இவர்களைப் பார்த்து வந்த ஊக்கமும் காரணம் என்று அதிபரே விடைகொடுக்கும்போது சொன்னார்.

பெண்களை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சும் இதிலிருந்தே கிளம்பியது. அது சற்று அவசர முடிவு. தமிழ்நாட்டில் 1992 முதல் மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. புகார் சொல்ல வரும் பெண்ணுக்கு அங்கே வாசற்படி தாழ்ந்திருக்கிறதேயன்றி, புகாருக்குப் பின் நடக்க வேண்டிய விசாரணையும் வழக்கும் தண்டனையும் அவ்வாசலோடு முடிவதில்லை. நீதிமன்றமும் சிறையும் பாழடைந்து கிடந்த லைபீரியாவிலும் அப்படித்தான். ஐ.நா. காவலர் குற்றவாளியைக் கைகாட்டலாம். பல இடங்களில் அவரைக் கைது செய்து வழக்கு நடத்தும் அதிகாரம் ஐ.நா.வுக்குக் கிடையாது. 1999-இல் கொசோவோவிலும் கிழக்குத் திமோரிலும் மட்டுமே ஐ.நா. காவலர்கள் ஒரு பிரதேசத்தின் முழுக் காவல் துறையாகவே இயங்கினர். மற்ற இடங்களில் அவர்கள் உள்ளூர்க் காவல் துறைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர்கள், எடுத்துக்காட்டுபவர்கள், நச்சரிப்பவர்கள். இவ்வேலையை நியூயார்க்கிலிருந்து மேற்பார்க்கும் காவல் ஆலோசகர் பதவிக்கு வந்த முதல் பெண், பின்னாளில் புதுச்சேரித் துணைநிலை ஆளுநராகத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான கிரண் பேடி. 2003 முதல் 2005 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

கூட்டம் கூடும் இடத்தில் காவலர் என்ன செய்கிறார் என்பதில் உயிர் தங்கியிருக்கிறது என்பதைத் திருப்பதிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2025 சனவரி 8 அன்று வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்தவர்களிடையே ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தனர். எதிரியென்று ஒருவரும் இல்லாத, பக்தியோடு நின்றிருந்த கூட்டம் அது. அகதி முகாமில் தானியம் பங்கிடும் வரிசையும் இதே இயல்புடையதே, பசியும் ஆயுதமும் மட்டும் கூடுதல். அதனால்தான் அமைக்கப்பட்ட காவல் அணிக்கு ஐ.நா. எழுதிவைத்துள்ள பலப்பிரயோக விதிகள் படைகளின் விதிகளை விடக் கடுமையானவை: பேச்சு, எச்சரிக்கை, தடி, கண்ணீர்ப்புகை என்று படிப்படியாகப் போக வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து என்ற நிலையில் மட்டுமே சுடலாம், சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் எழுத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். இந்த விதிகளின் அருமை இவ்வட்டாரத்தில் வேறொரு வழியிலும் உணரப்பட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேரை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டதாகக் காவல் துறை சொன்னது. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் குற்றஞ்சாட்டின, தேசிய மனித உரிமை ஆணையம் அதைக் கையிலெடுத்தது. திருவண்ணாமலை மாவட்டத்து மலையடிவாரங்களில் அந்த ஏப்ரல் இன்னும் மறக்கப்படவில்லை. காவலரைக் கண்டு பொதுமக்கள் நிம்மதி அடைவார்களா, ஓடி ஒளிவார்களா என்பதைத் தீர்மானிப்பது இப்படிப்பட்ட ஒரு காலைப்பொழுதாகவும் இருக்கலாம்.

காவல் வேலை எந்த அளவுக்குச் சிக்கலாகும் என்பதற்குத் தென் சூடானை விட நல்ல பாடம் கிடைக்காது. 2013 டிசம்பர் 15 அன்று தலைநகர் ஜூபாவில் அதிபரின் ஆட்களுக்கும் முன்னாள் துணை அதிபரின் ஆட்களுக்கும் இடையே மூண்ட சண்டை இனக்கொலையாகத் திரும்பியதும், உயிருக்கு அஞ்சிய மக்கள் ஐ.நா. முகாம்களின் வேலியை நோக்கி ஓடினர். முகாம்கள் வாயிலைத் திறந்துவிட்டன. சில நாட்களுக்கு என்று உள்ளே வந்தவர்கள் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார்கள், எண்ணிக்கை ஒரு கட்டத்தில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. ஐ.நா. தான் திட்டமிடாத நகரங்களுக்குத் திடீரெனக் காவல் துறையாயிற்று. வாயிலில் உள்ளே வருவோரின் மூட்டையைச் சோதித்துக் கத்தியும் துப்பாக்கியும் பிடிப்பது, தகரக் கூரைகளுக்கு இடையே இரவு ரோந்து போவது, சாராயம் காய்ச்சுவோரையும் இளைஞர் கும்பல்களையும் சமாளிப்பது, மனைவியை அடித்தவனை விலக்கி நிறுத்துவது என்று எல்லாம் வந்து சேர்ந்தன. கொலை செய்தவனைப் பிடித்தால் என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வியாக நின்றது. வழக்கு நடத்த அதிகாரமில்லை. வேலிக்கு வெளியே நிற்கும் அரசுக் காவலரிடம் ஒப்படைத்தால், அவனுடைய இனத்தின் பெயராலேயே அவன் கொல்லப்படக்கூடும். ஆகவே முகாமுக்குள்ளேயே தடுப்பு அறை கட்டி வைத்துக்கொண்டு, சிறு வழக்குகளைப் பெரியவர்கள் கூடிப் பேசும் பஞ்சாயத்துக்கு விட்டுவிட்டு, முகாம்வாசிகளிலேயே ஊர்க்காவல் குழு அமைத்தார்கள்.

வேலிக்கு உள்ளே இருக்கும் வரைதான் இந்தப் பாதுகாப்பு. உலை எரிய விறகு வேண்டும். சுள்ளி பொறுக்க வெளியே போவது பெண்களின் வேலை. ஆண்கள் போனால் கொல்லப்படுவார்கள், பெண்கள் போனால் உயிரோடாவது திரும்புவார்கள் என்று குடும்பங்கள் கணக்குப் போட்டதாகக் கள ஊழியர்கள் பதிந்திருக்கிறார்கள். அதற்காக, குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட பாதையில் ஐ.நா. வண்டி உடன் போக, பெண்கள் கூட்டமாகப் போய்வரும் விறகு ரோந்து என்ற முறை முன்பே டார்ஃபூரில் தோன்றி, இங்கும் வந்தது. பொதுமக்கள் பாதுகாப்பு என்று ஆவணங்களில் எழுதப்படுவது இறங்கிவந்து நிற்கும் இடம் இதுதான்: பாதையோரத்தில் ஒரு வெள்ளை வண்டி, அதன் பார்வைக்குள் குனிந்து விறகு கட்டும் பெண்கள்.

தவறிய இடங்களும் அதே நாட்டில்தான் உள்ளன. 2014 ஏப்ரலில் 'போர்' (Bor) என்னும் நகரின் முகாமுக்குள்ளும், 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள்ளும் ஆயுதமேந்தியோர் புகுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களைக் கொன்றனர். 2016 ஜூலை 11 அன்று ஜூபாவில் டெரெய்ன் விடுதியைத் தாக்கிய அரசுப் படையினர் அங்கிருந்த உதவி ஊழியர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி, உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரைச் சுட்டுக்கொன்றபோது, அருகிலேயே முகாமிட்டிருந்த ஐ.நா. அணிகள் ஒவ்வொன்றும் தத்தம் ஆட்கள் வேறு பணியில் இருப்பதாகச் சொல்லிப் புறப்படவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது. 'இது எங்க ஸ்டேஷன் லிமிட் இல்லை' என்று திருப்பியனுப்பப்பட்ட எவருக்கும் இந்த விடை புரியும். படைத் தலைவர் பதவி நீக்கப்பட்டார். அணிகளை அனுப்பிய நாடுகளோ, தங்கள் ஆட்களை எந்த ஆபத்துக்கு அனுப்பலாம் என்று தலைநகரிலிருந்தே தொலைபேசியில் முடிவுசெய்யும் வழக்கத்தை விட்டதாகத் தெரியவில்லை.

காக்க வந்தவரே தீங்கு செய்தால் யாரிடம் போவது என்பது இன்னும் முடியாத வழக்கு. ஐ.நா. காவலர்கள் 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 'பணியிலுள்ள வல்லுநர்' என்ற தகுதி பெற்றவர்கள். பணி சார்ந்த செயல்களுக்கு அவர்களை உள்ளூர் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. படைவீரர்களைத் தண்டிக்கும் உரிமையோ முழுக்க முழுக்க அவர்களை அனுப்பிய நாட்டுக்கே உரியது. 2007-இல் ஹைட்டியிலிருந்து இலங்கைப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டபோது, தீங்குக்கு ஆளான சிறுவர் சிறுமியர் கடலுக்கு அப்பால் எங்கே போய் வழக்காடுவது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே போயிற்று. ஈழத்தில் 1987-இல் தொடங்கிய முறையீடுகளுக்கு நேர்ந்ததும் வேறல்ல.

இந்த மனக்குறை சேர்ந்து சேர்ந்து என்ன ஆகும் என்பது கிழக்குக் கொங்கோவில் தெரிந்தது. 1999 முதல் ஐ.நா. அங்கே இருந்தும் ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரிப்பது நிற்கவில்லை என்று கொதித்த மக்கள் 2022 ஜூலையில் ஐ.நா. தளங்களைச் சூழ்ந்தனர். ஜூலை 26 அன்று புடெம்போ நகரில் கூட்டத்துக்குள் இருந்த ஆயுததாரிகள் சுட்டதில் இந்திய எல்லைப் பாதுகாப்புப் படையின் காவலர் இருவரும் மொராக்கோ நாட்டவர் ஒருவரும் இறந்தனர். போராட்டக்காரர்களிலும் பலர் மடிந்தனர். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே அனுப்பப்பட்ட அணி, தான் காக்க வேண்டிய மக்களின் கல்லடிக்கு நடுவே மாண்டது. அரசின் கோரிக்கையின்படி ஐ.நா. தென் கிவு மாகாணத்தை விட்டு வெளியேறத் தொடங்கி, 2024 பிப்ரவரி 28 அன்று கமன்யோலா தளத்தை முதலாவதாக ஒப்படைத்தது. பெற்றுக்கொண்டது கொங்கோவின் தேசியக் காவல் துறை. சரியாக ஓராண்டு ஆவதற்குள், 2025 பிப்ரவரியில், எம்23 கிளர்ச்சிப் படை மாகாணத் தலைநகர் புகாவுவைப் பிடித்துக்கொண்டு கமன்யோலாவுக்குள்ளும் நுழைந்தது.